ஏழு பேருக்கு ஒரு நோயாளி

அவருடைய முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. பால் திரியாது. பால்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான். கண்கள் ஓரத்தில் இறங்கி, அதைப் பார்த்துக் கன்னங்களும் இறங்கி, நாம் மட்டும் மேலே இருந்து என்ன செய்யப் போகிறோம் என்று உதடும் தாடைப் பக்கம் குடிபெயர்ந்திருந்தது. இது பிறவி முகமல்ல. முப்பத்தொரு வருஷம் அமரர் ஊர்தி ஓட்டிச் சம்பாதித்த முகம். துக்க வீட்டார் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் ஓட்டுநர் துக்கமாக இருக்க வேண்டும் என்று அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தும்மினால்கூட இரங்கல் தெரிவிப்பது போலத்தான் தும்முவார். ஓய்வுபெற்ற அன்று வீட்டுக்கு வந்து முகத்தைக் கழற்றிவைக்கப் பார்த்தார். வரவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதியோர் மனநல மையத்தின் செவ்வாய்க்கிழமைக் குழுவில் அவருக்குக் கடைசிவண்டி என்று பெயர். வைத்தவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். நாற்பது வருஷம் பிறர் வாய்க்குள் பேசிப் பேசி, பதில் வராத பேச்சுக்குப் பழகிப்போன மனிதர்.

கடைசிவண்டி அங்கே வந்து சேர்ந்த கதையில் மட்டும் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மனைவி இறந்தார். அவரைக் கொண்டுபோன ஊர்தியை ஓட்டியவன், இவரே பழக்கிவிட்ட ஆள். வழியில் இருந்த வேகத்தடையில் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி ஒரு குதி குதித்தது. இவர் வீட்டுக்கு வந்து அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஏழு மாதம் எழுந்திருக்கவில்லை. மகள்தான் கையைப் பிடித்து மையத்துக்குக் கூட்டிவந்தாள்.

மையம் இரண்டாம் மாடியில். லிஃப்ட்டில் ஒரு பெண்குரல், "கதவு மூடுகிறது" என்பதையே ஏதோ ஆறுதல் சொல்வது போலச் சொல்லும். அறையில் வட்டமாக எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஒரு பானம் தரும் இயந்திரம். டீ, காபி, சூப் மூன்றும் ஒரே குழாயில் வருவதால் எதை அழுத்தினாலும் மூன்றும் கிடைக்கும்.

நாலாவது வாரம் அவர் வாயைத் திறந்து அந்த வேகத்தடையைப் பற்றிச் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எல்லாருக்கும் அவர் ஹெட்மிஸ்ட்ரஸ், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்:

"என்ன வேகம் இருக்கும்?"

"இருபத்தெட்டு" என்றார் கடைசிவண்டி. "நான் அந்த இடத்துல ஆறுலதான் போவேன்."

"இருபத்தெட்டா! அவனைப் பெஞ்சு மேல ஏத்தணும்!"

அன்றைக்கு அவர் முதல் தடவையாக அழுதார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி காலியானது. பக்கத்து அறையிலிருந்து இரண்டாவது பெட்டி வரவழைக்கப்பட்டது. அதிலிருந்து அவர் செவ்வாய்க்கிழமைக்காகவே மற்ற ஆறு நாட்களையும் தள்ளினார்.

இதுவரை எல்லாம் சரி. தொல்லை கொடுத்தது மையத்தின் விதி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா பதினைந்து கேள்விகள் கேட்பார். ஒவ்வொரு சோகமான பதிலுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்தும் அதற்கு மேலும் வாங்கினால் குழுவில் இருக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் குணமாகிவிட்டது என்று பொருள். கோப்பை மூடி, பூப்போட்ட வாழ்த்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, இனிமேல் வர வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

உலகத்தில் வேறெங்கும் நல்ல செய்தி கேட்டு மனிதர்கள் இப்படி இடிந்துபோயிருக்க மாட்டார்கள். மூன்று மதிப்பெண் என்றதும் பல் டாக்டர் மறுகூட்டல் கேட்டார். ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர் அட்டையை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆயுள் முழுக்க மற்றவர்களை ஃபெயிலாக்கியே பழகிய ஹெட்மிஸ்ட்ரஸ், தான் பாஸாகிவிட்டதைக் கேட்டு ஓவென்று அழுதார்.

"பாருங்க சிஸ்டர், அழுறேன். மறுபடி கேள்வி கேளுங்க!"

"அதை ஆனந்தக் கண்ணீர்னு எழுதிட்டேம்மா" என்றார் சிஸ்டர்.

ஆறே வாரத்தில் ஏழு பேர் குணமானார்கள். எட்டு நாற்காலிகளுக்கு நடுவே கடைசிவண்டி மட்டும் பன்னிரண்டு மதிப்பெண்ணோடு மிஞ்சினார். ஏழு பேரும் கீழே பஸ் நிறுத்தத்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ்தான் வழி கண்டுபிடித்தார். படிவத்தை அவர் மூன்று தடவை படித்தார். முதல் தடவை பிழை திருத்த, இரண்டாவது தடவை அர்த்தம் தெரிந்துகொள்ள, மூன்றாவது தடவை ஓட்டை தேட. ஒரே ஒரு நோயாளி இருக்கும்வரை குழு நடக்கலாம் என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் 'உடன் வருபவர்' என்று இன்னொரு வரி. அதன் கீழே அச்சுக்காரர் இடம் வீணாக வேண்டாமே என்று ஏழு கோடு போட்டிருந்தார்.

"ஏழு பேருமா கூட வர்றீங்க?" என்றார் சிஸ்டர்.

"அவர் நிலைமை அப்படிம்மா" என்றார் பல் டாக்டர், கடைசிவண்டியின் முகத்தைச் சான்றாகக் காட்டி.

சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்தார். ஏழு போதுமா என்று கேட்டார்.

அன்று முதல் அவருக்குக் கிடைத்த பரிவாரம் ஒரு ராஜாவுக்குக்கூட இருந்திருக்காது. ஒருவர் குடை, ஒருவர் தண்ணீர் பாட்டில், ஒருவர் மாத்திரை டப்பா, ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கூடு. பேக்கரிக்காரர் ஒரு சின்ன தலையணையைக் கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் சொருகுவார். லிஃப்ட்டில் எட்டு பேரும் ஏறினால் அது கிளம்பாது. ஆகவே நோயாளியை மட்டும் லிஃப்ட்டில் அனுப்பிவிட்டு ஏழு பரிவாரமும் மூச்சிரைக்கப் படியேறும். மேலே போய்ச் சேரும்போது நோயாளி ஒருவர்தான் ஆரோக்கியமாகத் தெரிவார்.

ஆனால் ஏழு பேருக்கும் ஒரே பயம். இந்த மனிதர் குணமாகிவிட்டால்? ஹெட்மிஸ்ட்ரஸ் பஸ் நிறுத்தத்தில் கூட்டம் போட்டு விதிகள் அறிவித்தார். கடைசிவண்டி முன்னால் ஜோக் கூடாது. கேக் கூடாது. யாருடைய பேரப்பிள்ளை போட்டோவும் கூடாது. துக்கமான விஷயம் மட்டும் பேச வேண்டும், அதுவும் மெதுவாக.

முயற்சி செய்தார்கள், பாவம். பேக்கரிக்காரர் வேண்டுமென்றே பிஸ்கட்டைக் கருக்கிக் கொண்டுவந்தார். அதைக் கடித்துப் பார்த்த பல் டாக்டர், "நான் தொழில்ல இருந்தப்போ இதைச் சுட்டிருந்தா நமக்குள்ள கமிஷன் பேசிருக்கலாமே" என்றுவிட்டு, ஐயோ ஜோக்காயிற்றே என்று தானே வாயைப் பொத்திக்கொண்டார். பிராயச்சித்தமாக, தன் வாழ்க்கையின் மிகத் துயரமான சம்பவத்தைச் சொல்கிறேன் என்று தொடங்கினார்.

"ஒரு நீதிபதி. எட்டு வருஷம் எங்கிட்ட வந்தாரு. கடைசியா ஒருநாள் தீர்ப்பு சொல்லும்போது மேல்செட்டு கழண்டு, குற்றவாளி மடியில விழுந்துருச்சு. அவன் அதை ரெண்டு கையாலயும் எடுத்து, கும்பிட்டுக் கொடுத்தான். விடுதலைன்னு சொல்லவேண்டியதாப் போச்சு."

"இதுல என்னய்யா துயரம்?" என்று சீறினார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"செட்டு நான் செஞ்சதும்மா!"

ஏழு பேரும் சிரிப்பை அடக்க, நாற்காலிகள் தரையில் நடனமாடின. எல்லாரும் கடைசிவண்டியைப் பார்த்தார்கள். அவர் முகம் இழவு வீட்டு வாசலைப் போல இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது இதுதான்: முகத்துக்கு உள்ளே கடைசிவண்டி உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமாகவே அப்படித்தான். ஏழு மணி நேரம் அசந்து தூங்கினார். ரொட்டி ருசித்தது. அலமாரி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது. ஏழு மாதம் வலிக்காத முதுகு! மனைவியை நினைத்தால் வேகத்தடைக்கு முந்தைய முப்பத்தெட்டு வருஷமும் சேர்ந்து வந்தது. ஒரு காலை குளியலறையில் தன்னையறியாமல் பாட்டு வந்துவிட்டது. அதுவும் குத்தாட்டப் பாட்டு.

வெளியே மகள் நின்றிருந்தாள். அவள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பது வழக்கம். உள்தாழ்ப்பாளை அவள் கழற்றிப் பல மாதமாயிற்று.

"அப்பா... பாடுனீங்களா?"

"தொண்டையைச் சரி பண்ணேன்மா."

"ரெண்டு சரணம் முழுக்கவா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நழுவினார். மகள் பின்னாலேயே வந்தாள். "அப்பா, நெஜத்தைச் சொல்லுங்க. உங்களுக்குப் பரவால்லையா?" அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. இந்தப் பெண் ஆபீஸிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் செய்கிறாள். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எங்க உக்காந்திருக்கீங்க. வெளியூர்ப் பயிற்சிக்குப் போகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மூச்சுவிடுவாள். ஆனால் அடுத்த செவ்வாய் டாக்டரம்மாவின் பரிசோதனை. அந்த ஒரு வார்த்தை அங்கே போனால் எட்டு பேர் நடுத்தெருவில்.

"பார்க்கலாம்மா" என்றார் கடைசிவண்டி. மகளின் முகம் அவர் முகத்தைப் போலவே இறங்கியது. அதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள், ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டில் மாதிரித் தேர்வு நடந்தது. நோயாளி சோகமாகத்தான் இருக்கிறார், ஆனாலும் பரீட்சை பயத்தில் உளறிவிடக்கூடாதே என்று ஏற்பாடு.

"கேள்வி மூணு. உங்க வாழ்க்கை வெறுமையா இருக்கா?"

கடைசிவண்டி சுற்றிப் பார்த்தார். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். ஒருவர் அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவருக்கு யார் டீ போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிக்கக்கூட எடமில்லையே" என்றார்.

"தப்பு!" மேஜையில் ஸ்கேல் விழுந்தது. "ஆமான்னு சொல்லணும். பத்து தடவை சொல்லுங்க."

பத்து தடவை சொன்னார். பத்தாவது தடவை பேக்கரிக்காரருக்கே கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டரம்மாவின் அறையில் நோயாளியும் மகளும் மட்டும் உட்காரலாம் என்றார் சிஸ்டர். பரிவாரம் வெளியே நிறுத்தப்பட்டது. அறைக் கதவில் மங்கல் கண்ணாடி. அதில் ஏழு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அப்பிக்கொண்டன.

கடைசிவண்டியின் திட்டம் எளிமையானது. ஐந்தே ஐந்து பொய். அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம்.

முதல் இரண்டு கேள்விக்கும் ஆமாம், ஆமாம். முகம் ஒத்துழைத்தது. டாக்டரம்மாவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வெறுமைக் கேள்விக்குப் பயிற்சி பெற்ற ஆமாம். மூன்று. ஆனால் நாலாவது கேள்வி, "வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையா?" பக்கத்தில் மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது? "பிடிக்குது" என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், சமைப்பவள் பக்கத்தில். "நல்லாருக்கு" என்றார். இப்படி மகள் பெயரைச் சொல்லியே பத்து கேள்விகள் கைநழுவின. பதினாலாவது கேள்வியில் எப்படியோ பல்லைக் கடித்து ஒரு ஆமாம் போட்டு நாலாக்கினார்.

"கடைசிக் கேள்வி" என்றார் டாக்டரம்மா.

கண்ணாடிக்கு வெளியே ஒரு கை உயர்ந்து ஐந்து விரலையும் விரித்தது. ஹெட்மிஸ்ட்ரஸின் கை.

"உங்களுக்கென்று யாருமே இல்லை என்று தோன்றுகிறதா?"

ஒரே ஒரு ஆமாம். எட்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். கடைசிவண்டி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் பல் டாக்டரின் வழுக்கைத்தலை நன்றாக அழுந்தி, தோசைக்கல் அளவுக்கு வட்டமாகப் பதிந்தது. அதற்கு மேலே பேக்கரிக்காரரின் மூக்கு. அதற்கும் மேலே, அவருக்காகக் கொண்டுவந்த அந்தச் சின்ன தலையணை.

யாருமே இல்லையாம்!

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பல மாதம் ஷெட்டில் கிடந்த எஞ்சினைத் தள்ளிக் கிளப்பியது போல உள்ளேயிருந்து உறுமிக்கொண்டு வந்தது சிரிப்பு. உதடு தாடையை விட்டுப் புறப்பட்டு, கன்னத்தைத் தாண்டி, காதுவரைக்கும் போய்விட்டது. டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டார். அடுத்த கட்டிடத்தில் ஒரு புறா முட்டையிட்டுவிட்டதாகக்கூடப் பேச்சு.

கதவு திறந்து ஏழு பேரும் உள்ளே சரிந்து விழுந்தார்கள்.

"என்னாச்சு? மூச்சுத் திணறலா?" என்று அடியிலிருந்து கத்தினார் பல் டாக்டர்.

"சிரிக்கிறாருங்க" என்றார் டாக்டரம்மா.

"போச்சு!" என்று தலையில் கைவைத்தார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

கடைசிவண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "பாடுனேன்மா. ரெண்டு சரணம் முழுக்கப் பாடுனேன். மூணு வாரமா நல்லாத் தூங்குறேன். டாக்டரம்மா, அந்த நாலும் பொய். அடிச்சிருங்க."

"மூணு வாரமா!" பேக்கரிக்காரர் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார். "துரோகி! உனக்காக நான் நல்ல மாவைக் கருக்கினேனேய்யா!"

ஒருவர் அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்து ஏழு பேரும் அழுதார்கள். டாக்டரம்மா விவரம் கேட்டார். பஸ் நிறுத்தக் கூட்டம், மாதிரித் தேர்வு, ஏழு கோடு, எல்லாம் வெளியே வந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அவர் எல்லாரையும் விட்டுவிட்டு ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழவில்லை, சிரிக்கவில்லை. அப்பா நல்லா இருக்கிறார் என்ற சேதியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எப்படித் தூங்குறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நானா? நான் நல்லாத்தான்..." என்று தொடங்கியவளுக்கு வாக்கியம் முடியவில்லை.

"இந்தப் படிவத்துக்கு உங்களுக்கு வயசு பத்தாது. இருந்தாலும் சும்மா கேக்குறேன்."

சும்மா கேட்டார். பதினொன்று! ஏமாற்று வேலை, மாதிரித் தேர்வு எதுவுமில்லாமல் அசல் பதினொன்று.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார் கடைசிவண்டி.

"உங்ககிட்ட எப்படிப்பா சொல்வேன்? நீங்க சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க."

அவர் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். நோயாளிகளைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு என்று வியாழக்கிழமைக் குழு ஒன்று உண்டு, இதே அறை, ஆனால் ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரும் வந்ததில்லை, பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏது நேரம் என்றார். வயது வரம்பு கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ் படிவத்தைப் பிடுங்கி மூன்று தடவை படித்தார்.

"மதிப்பெண்ணே கிடையாதே இதுல?"

"கிடையாது."

"எப்போ வெளிய அனுப்புவீங்க?"

"நீங்களா போறவரைக்கும் அனுப்ப மாட்டோம். ஆனா நீங்க உண்மையிலேயே ஒருத்தரைப் பார்த்துக்கணும்."

ஏழு பேரும் திரும்பி, மகளைப் பார்த்தார்கள். வேட்டைக்காரர்கள் மானைப் பார்த்ததுபோல.

வியாழக்கிழமை மகள் ஆபீஸுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். அவளை லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு ஏழு பேரும் படியேறினார்கள். மகள் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு உள்ளே இடமில்லை. கடைசிவண்டி தாழ்வாரத்து பெஞ்சில் பூப்போட்ட வாழ்த்து அட்டையோடு உட்கார்ந்து, உள்ளே தன்னைப் பற்றி என்னென்ன வண்டவாளம் அவிழ்கிறதோ என்று ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டது. இடையில் ஒருதடவை அழுகைச் சத்தமும் கேட்டது. இரண்டாவது காகிதக் கைக்குட்டைப் பெட்டி உள்ளே போயிற்று.

கதவு திறந்ததும் எழுந்து நின்றார். "என்னம்மா சொன்னே என்னைப் பத்தி? அந்த நாற்காலியைச் சொன்னியா? சாப்பிடாம அடம்புடிச்சதை?"

"உங்களைப் பத்திப் பேச நேரமே இல்லப்பா" என்றாள் மகள். கண் சிவந்திருந்தது. "நான்தான் பேசிட்டே இருந்தேன்."

"ஒரு வார்த்தைகூடவா வரல?"

"நீங்க பெரிய ஆளுன்னு நெனப்பா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், மகளின் குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தபடி.

ஒன்பது பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் மகளின் தலை கடைசிவண்டியின் தோளில் சாய்ந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஐந்தாவது நிறுத்தம் அவர்களுடையது. வந்தது, நின்றது, போனது.

பின்சீட்டிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் குனிந்து கிசுகிசுத்தார். "உங்க ஸ்டாப் போயிருச்சு."

"தெரியும்."

"எங்க எறங்குவீங்க?"

"இவ முழிச்சதும்."

ஏழாவது நிறுத்தம் பல் டாக்டருடையது. அவர் எழுந்தார், மகளைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர் தலையணையை மெல்ல அவள் கழுத்துக்கடியில் சொருகினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிழவரோ கிழவியோ அரைகுறையாக எழுந்து மறுபடி உட்கார்வதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, பஸ் ஓட்டுநருக்கு மண்டை காய்ந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"பெரியவங்களே, எல்லாரும் எங்கதான் போகணும்?"

எட்டு பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.

"உஷ்ஷ்ஷ்!"